சடையன் நிலத்துக்குக் கிழக்கு

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் ஆமைக்கும் கறையானுக்கும் பேச்சு இருந்தது. யாரும் அதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்களே பேசும்போது மற்றவை பேசுவதில் என்ன வந்தது என்று இருந்துவிட்டார்கள்.

அப்போது நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை ஒரு பெண்யானையிடம் இருந்தது. பெண்யானையைப் பிடி என்பார்கள். இதைப் பெரியபிடி என்றார்கள், நேரில் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். அந்த வேலை அதற்கு வந்ததற்குக் காரணம் அறிவு அல்ல, எடை. அது நடந்தால் தடம் விழும். மழை பெய்து புல் முளைத்த பிறகும் தடம் தெரியும். ஒருவன் இல்லை என்று சாதிக்கலாம், அவன் காலடியிலேயே பள்ளம் கிடக்கும்போது எவ்வளவு நேரம் சாதிப்பான்?

முறை இதுதான். நிலம் என்னுடையது என்பவர் அதற்குள் போய் நிற்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஓர் இலந்தை மரம், மூலையில் ஒரு கரும்பாறை, நடுவில் உப்புப் பூத்த ஒரு திட்டு, இப்படி. சொன்னதைத் தொட்டும் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அவர் முன்னே நடக்க, பெரியபிடி பின்னே நடந்து நிலத்தை ஒருமுறை சுற்றி வரும். அது நடந்த வழிதான் எல்லை. எதையும் காட்ட முடியாவிட்டால் அந்த நிலம் ஊருக்குப் பொதுவாகி, மேய்ச்சல் வெளியோடு சேர்ந்துவிடும். கொடுமையான முறை என்று யாரும் சொல்லவில்லை. தன் நிலத்தில் இருப்பது தெரியாதவன் எப்படிச் சொந்தக்காரன் என்று கேட்டார்கள்.

ஆற்றங்கரையில் பவளாயி என்பவளுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. கம்பும் கொள்ளும் விளையும். அவள் கணவன், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். பிறந்தது பெண். சிட்டு என்று கூப்பிட்டாள். தவழத் தொடங்கி, வாசற்படியைத் தாண்டப் பழகிய பருவத்தில் அதுவும் போய்விட்டது. பால்குடி மறக்காத பிள்ளைகளை ஊர் இடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. தன் நிலத்திலேயே புதைத்தாள். மேலே ஒரு பூவரசங்கம்பு நட்டாள். அது வேர்விட்டு மரமானது. அந்த நிலத்தில் வேறு கல்லோ கிணறோ கிடையாது. உன் நிலத்தில் என்ன இருக்கிறது என்று பெரியபிடி ஒருமுறை கேட்டபோது, பூவரசு என்றாள். மரத்தடியில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதை யாரும் கேட்கவில்லை.

நிலத்துக்கு வடக்கே ஒரு பாறைமேடு. அதில் உடும்பு இருந்தது. தெற்கே ஊற்றுக்குட்டை, அதில் ஆமை. கிழக்கே ஒரு பெரிய புற்று, கறையான்களுடையது. கறையான்கள் எது சொன்னாலும் கூட்டமாகத்தான் சொல்லும். மேற்கே சடையன் என்ற மனிதனின் நிலம். அவனிடம் கல் கட்டிய கிணறும் மயிலை என்கிற சாம்பல் நிறத்தில் ஒரு காளையும் இருந்தன.

உடும்போடும் ஆமையோடும் கறையானோடும் பவளாயிக்கு ஒரு வருத்தமும் இல்லை. சடையனோடுதான் பேச்சு நின்றிருந்தது. காரணம் வரப்பு. ஒவ்வோர் ஆண்டும் முதல் மழைக்கு முன்னால் சடையன் மண்வெட்டியோடு வருவான். வரப்பைத் தன் பக்கத்தில் செதுக்கி, செதுக்கிய மண்ணை அவள் பக்கத்தில் அணைத்துவிட்டுப் போவான். பார்த்தால் வரப்பைச் சீர்செய்த மாதிரி இருக்கும். வரப்பு மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருக்கும்.

"அண்ணே, வரப்புக்குக் கால் முளைச்சிருக்கா?" என்று பவளாயி கேட்டாள். அப்போது குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

"மழை கரைச்சிருக்கும் தாயி."

"மழைக்கு உன் பக்கம் மட்டும்தான் கண்ணு தெரியுமா?"

"அதை மழைகிட்டே கேளு."

பவளாயிக்குச் சண்டை போட ஆள்பலம் இல்லை. ஆள்பலம் இல்லாதவர்கள் செய்வதைச் செய்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அவனைப் பார்த்துத் தூற்றினாள். "என் மண்ணைத் தின்னவன் கிணத்துல மண்ணு விழ" என்றாள். அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சடையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சில மாதங்களில் குழந்தை இறந்தது. தான் தூற்றிய மண் தன் மேலேயே விழுந்துவிட்டது என்று பவளாயி நினைத்தாள். சடையன் துக்கத்துக்கு வரவில்லை. மண் தூற்றப்பட்டவன் அந்த வீட்டுச் சாவுக்குப் போவது வழக்கமில்லை.

ஆனாலும் பக்கத்து நிலக்காரர்கள் பேசாமல் இருக்க முடியாது. தண்ணீர் வரும், மடை திறக்க வேண்டும், கிளி இறங்கும், விரட்ட வேண்டும். அதனால் காளையை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

"மயிலே, தண்ணி வருது, மடையைத் திறக்கணும்னு அங்கே சொல்லு" என்பான் சடையன்.

காளை கழுத்தைத் திருப்பும். "மடையைத் திறக்கணுமாம்."

"காது கேட்டுச்சுன்னு சொல்லு."

"காது கேட்டுச்சாம்." பிறகு காளை பெருமூச்சு விடும். "இவ்வளவு கிட்டத்துல நின்னுக்கிட்டு என் வாயை ஏன் வலிக்க வைக்கிறீங்க? நான் அசை போடுறதா, உங்க தூதைச் சுமக்கிறதா?"

அதற்குள் அடுத்த தூது வந்துவிடும்.

ஒரு ஐப்பசியில் ஆறு கரையை மீறியது. வீடுகள் மேட்டில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஊரார் இறங்கி வந்து பார்த்தபோது நிலமே இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வெள்ளை மணல். வரப்பு, வாய்க்கால், வேலி, ஒன்றும் தெரியவில்லை. பாறைமேடு இருந்தது. குட்டையில் ஊற்று மறுபடி கசிந்தது. புற்றின் மேல்பாகம் கரைந்துவிட்டாலும், கறையான்கள் அடியிலிருந்து புது மண் எடுத்துக் கட்டத் தொடங்கியிருந்தன. சடையன் தன் கிணற்றின் கல்விளிம்பைக் கண்டுபிடித்துவிட்டான். உள்ளே முழுக்க மணல்.

பூவரசைக் காணவில்லை. ஆறு அதை வேரோடு கொண்டுபோயிருந்தது. வேர் இருந்த குழியையும் மணல் மூடிவிட்டது.

நிலங்களை மறுபடி குறித்துத் தருவதற்குப் பௌர்ணமி கழிந்து வருவதாகப் பெரியபிடி சொல்லி அனுப்பியது. காட்ட முடியாதவை மேய்ச்சலுக்குப் போகும் என்றும் சொல்லியிருந்தது. அன்று முதல் பவளாயி செருப்பில்லாமல் மணலில் நடந்தாள். காலுக்குத் தெரியும் என்று நினைத்தாள். அத்தனை நாள் நடந்த கால், அந்த இடத்துக்கு வந்தால் தானாக நின்றுவிடும் என்று நம்பினாள். கால் எங்கும் நிற்கவில்லை. மணல் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே சுட்டது.

அவளுக்கு வேறு நிலம் வேண்டுமென்றால் அண்ணன் ஊரில் கொடுப்பார்கள். விளைச்சல் போவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மேய்ச்சல் வெளி என்றால் ஊர் மாடுகள் அத்தனையும் காலையில் அந்த வழியாக இறங்கும், மாலையில் ஏறும். அந்தக் குளம்புகளைத்தான் நினைத்தாள்.

உடும்பு மேட்டிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இறங்கி வந்தது.

"அக்கா, இப்படி நடந்தா கிடைக்காது. நான் கண்டுபிடிச்சுத் தரேன். மோப்பம் பிடிக்கத் தெரியும், என் நகத்துக்கு இந்த மணல் எம்மாத்திரம்? அடியில இருக்கிறதை எடுத்து மேலே வெச்சுட்டா பெரியம்மா என்ன சொல்ல முடியும்? உள்ளே இருக்கிறதைக் காட்டின மாதிரியும் ஆச்சு."

பவளாயி நின்றாள். மணலைப் பார்த்தாள். "எடுக்க வேணாம்" என்றாள்.

"நிலம் போயிடும்க்கா."

"தெரியும்."

"மாடு மிதிக்கும். அதுக்கு இது பரவாயில்லையே."

"தூங்குற புள்ளையை எழுப்பிக் காட்டித்தான் என் புள்ளைன்னு சொல்லணுமா தங்கச்சி?"

உடும்பு கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது. அதுவும் முட்டையிட்டு மண்மூடி வைக்கிற ஜாதிதான். பிறகு மேட்டுக்குத் திரும்பிவிட்டது.

பெரியபிடி சொன்ன நாளில் வந்தது. ஊர் முழுவதும் பின்னால் வந்தது. ஒவ்வொருவராக உள்ளே இருப்பதைக் காட்டினார்கள். ஒருவருக்குப் பனைமரம் மிஞ்சியிருந்தது. ஒருவர் செக்குக்கல்லைத் தோண்டி வைத்திருந்தார். சடையன் கிணற்று விளிம்பைக் காட்டினான். பெரியபிடி தலையசைத்து, பக்கத்தில் யாருடையது என்று தெரிந்த பிறகு சுற்றி வருவதாகச் சொன்னது. அவன் கிணற்றுக்குப் போய் மணல் அள்ளத் தொடங்கினான்.

அடுத்தது பவளாயி.

"உள்ளே என்ன இருக்கு, சொல்லும்மா" என்றது பெரியபிடி.

"மணல், பெரியம்மா."

கூட்டத்தில் சிரித்தார்கள். "அது எங்க நிலத்திலேயும்தான் இருக்கு. கூடை கூடையா எடுத்துக்க" என்றான் ஒருவன்.

"பூவரசு இருந்தது."

"எங்கே?"

"ஆத்தோட போச்சு."

"வேற?"

பவளாயி குனிந்து மணலைப் பார்த்தாள். சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்தினார்கள். பெரியபிடி துதிக்கையைத் தாழ்த்திக்கொண்டது. "இருக்குன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா எங்கேன்னு தொட்டுக் காட்டணும். முறை அப்படி" என்றது.

"காட்டத் தெரியலை."

"அப்போ நான் என்ன பண்ண?"

பவளாயி சுற்றிலும் பார்த்தாள். மணலில் எதுவும் இல்லை. மணலுக்கு அப்பால்தான் பாறை தெரிந்தது, குட்டை தெரிந்தது, புற்று தெரிந்தது. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என் நிலம் எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை பெரியம்மா. எதுவெல்லாம் என்னோடது இல்லைன்னு சொல்லத் தெரியும். அதைச் சொல்லட்டுமா?"

"இது நல்லா இருக்கே" என்றான் முன்பு சிரித்தவன். "உன் வீடு எதுன்னு கேட்டா ஊர்ல மத்த வீட்டையெல்லாம் காட்டுவியா?"

"காட்டட்டுமே" என்றது பெரியபிடி. "எல்லாத்தையும் காட்டி முடிச்சா மிஞ்சுறது அவ வீடுதானே. நீ சொல்லும்மா."

"அந்தப் பாறைமேடு உடும்போடது. என்னோடது இல்லை. குட்டையும் அதைச் சுத்தின ஈரமும் ஆமையோடது. புற்று கறையானோடது. மேற்கே..." அவள் அங்கே நிறுத்தினாள். அந்தப் பெயரை அவள் சொல்லிப் பல காலம் ஆகிவிட்டது. "மேற்கே கிணத்துக்காரரோடது."

பெரியபிடி வெகுநேரம் காதை ஆட்டிக்கொண்டு நின்றது. யானை யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். கடைசியில் சொன்னது:

"நீ சொன்னா போதாது. உன் வாயால உன் நிலத்தை எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாம். அவங்கவங்க வந்து அவங்கவங்க ஓரத்துல நிக்கட்டும். தன் நிலத்தைக் குறைச்சுச் சொல்றவங்களை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. அதனால அவங்களே இதுவரைக்கும்தான் என்னோடதுன்னு நின்னுட்டா, அதுக்கு இந்தப் பக்கம் அவங்களோடது இல்லை. நாலு பக்கமும் நின்னாச்சுன்னா நடுவுல இருக்கிறது உன்னோடது. அதுக்குள்ளே என்ன இருக்குன்னு நான் கேட்கமாட்டேன்."

உடும்பு மேட்டிலிருந்து இறங்கியது. தன் ஓரம் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடிக் காட்டியது. "எனக்குத் தெற்கே பவளாயி" என்றது. கறையான்கள் புற்றிலிருந்து வரிசை பிடித்து வந்து மணலில் ஒரு செங்கோடு போட்டன. "எங்களுக்கு மேற்கே பவளாயி, எங்களுக்கு மேற்கே பவளாயி" என்று கோட்டின் தலையிலிருந்து வால் வரைக்கும் சொல்லி முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆமை தன் ஓரத்தைத் தவழ்ந்தே காட்டியது. வெயில் ஏறிவிட்டது. "நீங்க சொல்லிட்டாலே போதும் மாமா" என்றாள் பவளாயி. "நிலத்தை வாயால நடக்க முடியாது பொண்ணு" என்று சொல்லிவிட்டு ஆமை தவழ்ந்தது. முடிவில், "எனக்கு வடக்கே பவளாயி" என்றது.

மேற்கே யாரும் இல்லை. வெறும் மணல் கிணறு வரைக்கும் போனது.

"மேற்கே யாரும் நிக்கலேன்னா மேற்கே எல்லை இல்லை" என்றது பெரியபிடி. "மூணு பக்கம் உள்ளதை நான் சுத்தி வர முடியாது. கூப்பிடும்மா அவனை."

சடையனின் காளை அருகில்தான் நின்றிருந்தது. பவளாயி அதன் பக்கம் திரும்பினாள். "மயிலே, அங்கே போய்..."

"மாட்டேன்" என்றது காளை.

"என்ன மாட்டே?"

"சொல்லமாட்டேன். மடையைத் திற, கிளியை விரட்டு, இதெல்லாம் சொன்னேன். இது என் வாயால சொல்ற சங்கதி இல்லை. நீயே போ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தாள். வரப்பு இருந்த இடம் எது என்று தெரியாததால், எப்போது அவன் நிலத்துக்குள் கால் வைத்தாள் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

சடையன் கிணற்றுக்குள் இடுப்பளவு பள்ளத்தில் நின்று கூடையில் மணல் அள்ளிக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று கூடையிடம் சொன்னான்.

"நான்தான் அண்ணே."

சடையன் கூடையைக் கீழே வைத்தான். "நீ தூத்தின மண்ணைத்தான் தாயி அள்ளிக்கிட்டிருக்கேன். காலையிலிருந்து அள்ளுறேன், தீர்ந்தபாடில்லை."

"என் நிலத்திலேயும் அதேதான் கெடக்கு."

"ஒரு பிடிதானே தூத்தினே? அளவா தூத்தியிருக்கக் கூடாதா?"

அவள் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. "வந்து உன் ஓரத்துல நில்லு அண்ணே. நீ நிக்கலேன்னா எனக்கு மேற்கு இல்லையாம்."

"நான் எங்கே நின்னாலும் வரப்புத் திருடன் நிக்கிறான்னு ஊர் சொல்லும்."

"எங்கே வேணும்னாலும் நில்லு. நீ வெட்டின வரைக்கும் உன்னோடதுன்னே நில்லு. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நின்னா போதும்."

சடையன் அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தான். பிறகு கிணற்று விளிம்பில் கையூன்றி ஏறினான். காலில் ஒட்டிய மணலைத் தட்டாமலே அவள் பின்னால் வந்தான்.

வந்து, கிணற்றிலிருந்து கணக்குப் பார்த்து, ஓர் இடத்தில் நின்றான்.

"சடையா, இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்றது ஆமை.

"தெரியும்" என்று பின்னால் நகர்ந்தான்.

"இன்னும், இன்னும், இன்னும்" என்றன கறையான்கள்.

"உங்களை யாரு கேட்டா? என் உத்தரத்தைத் தின்னதெல்லாம் கணக்கிலேயே வரலை." ஆனாலும் நகர்ந்தான்.

"இன்னும் ஒரு எட்டு இருக்குய்யா" என்றது காளை. "ஏர் இழுத்தது நான். எனக்குத் தெரியாதா?"

சடையன் காளையை ஒரு பார்வை பார்த்தான். ஓர் எட்டு பின்னால் வைத்தான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தன் ஓரத்தைக் காட்டுவதற்காக வடக்கிலிருந்து தெற்கே நடந்தான். பெரியபிடி அவன் பின்னால் நடந்தது. நேராகத்தான் போய்க்கொண்டிருந்தான். பாதி வழியில் சடையன் மேற்கே திரும்பினான், தன் நிலத்துக்குள்ளேயே.

பெரியபிடி நின்றது. "ஏன் வளையிறே? நேரா போ."

"நேரா போக முடியாது."

"ஏன்?"

"வரப்பு இங்கே வளைஞ்சுதான் இருந்தது."

"மத்த இடத்துல அந்தப் பக்கம் தள்ளினவன், இங்கே உன் பக்கம் தள்ளியிருக்கே. உன் நிலத்தையே வெட்டிக் குறைச்சிருக்கே. அது என்ன கணக்கு?"

சடையன் தலையைச் சொறிந்தான். கூட்டத்தைப் பார்த்தான். பவளாயியைப் பார்க்கவில்லை. "ஏர் திருப்புற இடம் அது" என்றான். "வரப்பை ஒட்டித் திருப்பினா மாட்டுக் கால் அந்தப் பக்கம் படும். படக்கூடாதுன்னு..." அவன் கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினான். "அந்த வருஷமே வளைச்சு வெச்சேன். சின்னப் புள்ளை."

"அங்கே என்னைத் திரும்ப விட்டதே இல்லை" என்றது காளை. "முன்னாடியே பிடிச்சு நிறுத்தி, கையால ஏரைத் தூக்கிட்டுப் போவாரு. ஏன்னு கேட்டா அதட்டுவாரு."

அந்த வளைவைப் பவளாயி ஒருநாளும் பார்த்ததில்லை. பூவரசின் அடியில் உட்காரும்போதெல்லாம் அவள் சடையன் நிலத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நடந்து முடி" என்றது பெரியபிடி, மெதுவாக.

சடையன் நடந்தான். மணலில் அவன் காலடிகள் ஒரு தொட்டிலின் அடிப்பக்கம்போல வளைந்து, மறுபடி பழைய கோட்டுக்கு வந்து நேராகப் போயின. வளைவுக்குள் கொஞ்சம் மணல் இருந்தது. மற்ற மணலைப் போன்ற மணல்தான். பவளாயி போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை மேலே வைத்தாள். தோண்டவில்லை. கை வைத்தபடி இருந்தாள், பிள்ளையின் முதுகில் வைத்திருப்பது மாதிரி. கறையான்கள்கூடப் பேசவில்லை.

பெரியபிடி அவள் பக்கம் திரும்பியது. பிறகு, "உள்ளே இருக்கிறது கிடைச்சாச்சு. பழைய முறைப்படி பார்த்தாலும் இனிமே நிலம் உன்னோடதுதான்" என்றது.

"இருக்கட்டும் பெரியம்மா" என்றாள் பவளாயி. "அவர் இன்னும் சொல்லலை."

சடையன் தென்முனையில் நின்றிருந்தான். மற்றவர்கள் சொன்னதை அவனும் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமினான்.

"எனக்குக் கிழக்கே பவளாயி" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "பவளாயியும் சிட்டும்" என்றான்.

அந்தக் குழந்தையின் பெயர் அவனுக்குத் தெரியும் என்று பவளாயிக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரியபிடி நிலத்தைச் சுற்றி வந்தது. உடும்பு ஓடிய வழி, கறையான் போட்ட கோடு, ஆமை தவழ்ந்த தடம், கடைசியாகச் சடையன் நடந்த ஓரம். வளைவு வந்த இடத்தில் அவ்வளவு பெரிய உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, உள்ளே மணல் சரியாதபடி திரும்பியது. அதற்கு முன்னும் பின்னும் அது அவ்வளவு மெதுவாக நடந்ததை யாரும் பார்த்ததில்லை. முடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது:

"இனிமே நிலம் வெச்சிருக்கிறவங்களை உள்ளே என்ன இருக்குன்னு கேட்கமாட்டேன். அது அவங்களுக்கும் மண்ணுக்கும் உள்ள சங்கதி. பக்கத்துல இருக்கிறவங்களைத்தான் கேட்பேன். அவங்க தங்கள் இடத்துல நின்னு சொல்லட்டும்."

அதோடு சண்டை தீர்ந்ததா என்றால், தீரவில்லை. அடுத்த ஆண்டே மடைத் தண்ணீருக்காக இருவரும் சத்தம் போட்டுக்கொண்டார்கள். ஆனால் நேருக்கு நேர் நின்றே போட்டுக்கொண்டார்கள். காளை நிம்மதியாக அசை போட்டது. அந்த வளைவில் மட்டும் இரண்டு பேருமே மண்வெட்டி வைக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. ஓடிக்காட்டிய உடும்பும் தவழ்ந்துகாட்டிய ஆமையும் வாயில்லாப் பிராணிகள் ஆகிவிட்டன. அவை ஓடியதும் தவழ்ந்ததும் பழைய சாசனங்களில் 'உடும்போடி ஆமை தவழ்ந்தது' என்று சொல்லாக மட்டும் மிஞ்சின. பெண்யானை நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். எழுத்து வந்தது, முத்திரைத்தாள் வந்தது, சங்கிலி பிடித்து அளக்கிறவர்கள் வந்தார்கள், சர்வே எண் வந்தது. இன்று ஒரு நிலத்துக்கு எண் இருக்கிறது, பரப்பு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். விடுவதில்லை. பத்திரத்தில் நான்கு எல்லை என்று ஒன்று வரும். அதில் நிலம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிக்கொள்ளாது. இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு, குட்டைக்கு வடக்கு, புற்றுக்கு மேற்கு, இதற்கு நடுவில் உள்ளது என்றுதான் எழுதுவார்கள். ஒவ்வொரு வரியும் பக்கத்து நிலத்தில் ஒருவர் நின்றுகொண்டு இந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது போலவே இருக்கும். பக்கத்து நிலக்காரரோடு மூன்று தலைமுறையாகப் பேச்சு இல்லாத வீடாக இருக்கலாம். அவர் பெயர் இந்த வீட்டுப் பத்திரத்தில் இருக்கும், இவர்கள் பெயர் அவர் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும்.

பவளாயி கூப்பிட்டதற்குச் சடையன் கிணற்றிலிருந்து ஏறிவந்து நின்றானே, அன்று முதல்தான் பக்கத்தில் ஒருவர் இல்லாமல் யாருக்கும் நிலம் இல்லை என்று ஆனது.